வாக்கெடுப்புக்கு உட்படாதது

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஐக்கிய இறைச்சிப் பதனத் தொழிலாளர் சங்கம் ஒரு நிலைப்பாட்டை எடுத்தது. தென் மாநிலங்களில் தன் உறுப்பினர்கள் வேலை செய்யும் ஆலைகளில் சாப்பாட்டுக் கூடத்தை இரண்டாகப் பிரிக்கும் தடுப்புகள் இருக்கக் கூடாது. உடை மாற்றும் அறையோ குடிநீர்க் குழாயோ வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று என்று இருக்கக் கூடாது. இதை ஒப்பந்தப் பேச்சில் முதலாளிகளின் முன் வைத்தது. ஆனால் கடுமையான எதிர்ப்பு வந்தது வேறு பக்கத்திலிருந்து. டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் வொர்த் நகரில் சங்கத்தின் சொந்த உறுப்பினர்களான வெள்ளைத் தொழிலாளர்களே கொதித்து எழுந்தார்கள். சந்தா கட்டியவர்கள், சங்கக் கூட்டங்களில் கை தூக்கி முடிவுகளை நிறைவேற்றியவர்கள் அவர்கள். சங்கம் தொழிலாளருடையது என்றால், தொழிலாளரில் பெரும்பாலோர் வேண்டும் என்கிற ஒரு தடுப்பை அகற்றத் தலைமைக்கு என்ன உரிமை என்பது அவர்களுடைய வாதம். இதை இனவெறியர்களின் சாக்கு என்று ஒதுக்கிவிடலாம். நான் அப்படிச் செய்யப் போவதில்லை. சக மனிதரை நமக்குச் சமமாக நடத்தும் கடமை எங்கிருந்து பிறக்கிறது, நம் நன்மையிலிருந்தா, நம் சம்மதத்திலிருந்தா, இரண்டுக்கும் முந்திய ஏதோ ஒன்றிலிருந்தா என்ற பழைய தத்துவக் கேள்வி அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் அத்தனை துல்லியமாக எழுந்து நின்றது. அந்தச் சங்கத்தின் வரலாறு அதற்கு ஒரு விடையையும் வைத்திருக்கிறது.

தொழிற்சங்க மேடைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் விடை நன்மையைப் பற்றியது. பிரிந்தால் கூலி குறையும், சேர்ந்தால் கூடும், ஆகவே நிறம் பாராமல் சேருங்கள் என்பது அது. இருபதாம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியில் சிகாகோ இறைச்சித் தொழில் கண்டது இதற்குச் சாட்சி சொல்வதாகத்தான் தோன்றும். 1904இல் நடந்த வேலைநிறுத்தத்தை முறியடிக்க முதலாளிகள் கறுப்பினத் தொழிலாளரைக் கொண்டுவந்தார்கள். வெள்ளையர் அவர்களைக் கருங்காலிகள் என்று வெறுத்தார்கள். சங்கத்தில் தங்களுக்கு இடமில்லாதபோது எந்தச் சங்கத்துக்குத் துரோகம் செய்தோம் என்று அவர்கள் திருப்பிக் கேட்க நியாயம் இருந்தது. முதல் உலகப் போரின்போது தெற்கிலிருந்து ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் சிகாகோவுக்கு வந்தார்கள். இரு இனத்தாரையும் ஒரே அமைப்பில் சேர்க்கும் முயற்சி ஒன்று அப்போது நடந்தது. 1919 ஜூலை 27 அன்று மிச்சிகன் ஏரிக்கரையில் தொடங்கிய கலவரம் அதைச் சிதைத்தது. 38 பேர் செத்தார்கள். அவர்களில் 23 பேர் கறுப்பினத்தவர், 15 பேர் வெள்ளையர். இரண்டு ஆண்டு கழித்து, 1921 டிசம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் சில வாரங்களிலேயே தோற்றது. அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்கு அந்த ஆலைகளில் பெயர் சொல்லும்படியான சங்கம் எதுவும் தலையெடுக்கவில்லை. இனப்பகைக்கு வெள்ளைத் தொழிலாளர் கொடுத்த விலை இது என்று ஒரு கணக்காளர்கூட எழுதிக் காட்டலாம்.

1937இல் சி.ஐ.ஓ. என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு இறைச்சித் தொழிலாளருக்கென ஓர் அமைப்புக் குழுவை நிறுவியபோது அந்தக் கணக்கு எல்லோருக்கும் நினைவிருந்தது. 1943இல் அந்தக் குழுதான் முழுச் சங்கமாக உருவெடுத்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றுபட்டுப் போராடுவோம் என்பது அதன் முழக்கம். அந்தத் தொழிலின் அமைப்பே முழக்கத்துக்குப் பலம் சேர்த்தது. கறுப்பினத்தவருக்கு ஒதுக்கப்பட்டவை மாடு வெட்டும் தளம், தோல் நிலவறை, குடல் சுத்தம் செய்யும் பிரிவு, உரக்கூடம் முதலியவை. இரத்தமும் நாற்றமும் மிகுந்த வேலைகள். ஆனால் வெட்டுத்தளம்தான் ஆலையின் தலைவாசல். அங்கே கத்தி நின்றால் கீழே உள்ள எல்லாப் பிரிவும் நிற்கும். தொங்கும் இறைச்சி கெட்டுப்போகும். முதலாளி மணிக்கணக்கில்தான் தாக்குப்பிடிக்க முடியும். இழிவு என்று ஒதுக்கப்பட்ட வேலையே பேரம் பேசும் பலமாக மாறியது. சிகாகோ ஆர்மர் ஆலையில் கறுப்பினத்தவரின் வேலைநேர அட்டைகளில் ஒரு நட்சத்திரக் குறி போடப்பட்டிருந்தது. ஆட்குறைப்பு வரும்போது யாரை முதலில் வெளியே அனுப்புவது என்று மேற்பார்வையாளர் தேட வேண்டியதில்லை. சங்கம் முதலில் ஒழித்தவற்றில் அந்த நட்சத்திரமும் ஒன்று. 1939 ஜூலையில் சிகாகோ கொலீசியத்தில் நடந்த பெருங்கூட்டத்தில் சி.ஐ.ஓ. தலைவர் ஜான் எல். லூயிசுடன் கத்தோலிக்கத் துணை ஆயர் பெர்னார்ட் ஷீல் ஒரே மேடையில் அமர்ந்தார். போலந்து, லித்துவேனியா, அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கத் தொழிலாளருக்கு அது பெரிய செய்தி. சங்கத்தில் சேர்வது விசுவாசத்துக்கு எதிரானதில்லை என்று அவர்களுடைய திருச்சபையே சொன்னதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நன்மைக் கணக்கு வென்றது என்று எழுதிவிடலாம். சங்கம் அங்கே நிற்கவில்லை என்பதுதான் எனக்கு அதன் வரலாற்றிலேயே பெரிதாகப் படுகிறது. தலைவர் ரால்ப் ஹெல்ஸ்டீனின் காலத்தில், 1949இல், அது பிஸ்க் பல்கலைக்கழகத்தின் இனஉறவுத் துறையை அழைத்துத் தன்னையே ஆராயச் சொன்னது. ஜான் ஹோப் என்ற அறிஞர் அதற்குப் பொறுப்பேற்றார். தங்கள் ஆலைகளிலும் கிளைகளிலும் நிறபேதம் எவ்வளவு இருக்கிறது என்று உறுப்பினர்களையே கேட்டு அறியும் ஆய்வு அது. ஒன்றாகக் கூலி உயர்வு வாங்கிய, ஒன்றாக மறியலில் நின்ற அதே தொழிலாளரிடையே கறுப்பினத்தவர் கால் வைக்க முடியாத பிரிவுகள் நிறையவே இருந்தன. இயந்திரம் பழுதுபார்க்கும் கைவினைப் பிரிவுகள் வெள்ளையருக்கு. பேக்கன் சீவிப் பொதி செய்யும் பிரிவு வெள்ளைப் பெண்களுக்கு. பல கிளைகளில் இவை யாருக்கும் குறையாகவே படவில்லை. இந்த முடிவுகளை மறைத்து வைக்காமல் 1950இல் சங்கம் பாகுபாடு எதிர்ப்புக்கென ஒரு தனித் துறையை ஏற்படுத்தியது. ஓர் அமைப்பு எதிரியை ஆராய்வது எளிது. தன் உறுப்பினர்களின் மனத்தை ஆராய்ந்து, கிடைத்ததை அவர்கள் முன்னாலேயே வாசிப்பது அரிதான துணிவு.

பேக்கன் பிரிவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மாட்டையும் பன்றியையும் கொன்றதும், தோலுரித்ததும், பிளந்ததும் பெரும்பாலும் கறுப்பினக் கைகள். அதே இறைச்சி கடைசியில் சீவப்பட்டு அட்டைப் பெட்டிக்குள் போகும் இடத்தில் மட்டும் அந்தக் கைகளுக்கு இடமில்லை. ஆலையைச் சுற்றிப் பார்க்க வரும் பொதுமக்களை நிறுவனங்கள் அழைத்துச் செல்லும் இடங்களில் ஒன்று அது; வெள்ளைச் சீருடை அணிந்த வெள்ளைப் பெண்கள் சுத்தத்தின் காட்சிப்பொருளாக நிறுத்தப்பட்டார்கள். இது கூலியைப் பற்றிய ஏற்பாடு மட்டுமாக இருந்தால் ஏன் உழைப்பின் ஒரு கட்டத்தில் ஏற்கப்பட்ட கை இன்னொரு கட்டத்தில் விலக்கப்படுகிறது என்பது விளங்காது. இங்கே இயங்குவது தீட்டு என்ற எண்ணம். தீட்டு பகுத்தறிவுக்குக் கட்டுப்படாதது. கொன்ற கையை ஏற்கும், பரிமாறும் கையை மறுக்கும். அதனால்தான் அது மதங்களின் எல்லைக்குள்ளும் வருகிறது. சிகாகோ ஸ்விப்ட் ஆலையில் சங்கம் இதை நேரடியாகச் சோதித்தது. கறுப்பினப் பெண்களும் வெள்ளைப் பெண்களும் வேலை கேட்டு ஆலைவாசலுக்குப் போனார்கள். முன்னவருக்கு ஆள் தேவையில்லை என்ற பதில், பின்னவருக்கு வேலை. ஒப்பந்தத்தில் வேலை கேட்டு வருவோரிடையே பாகுபாடு கூடாது என்ற பிரிவு இருந்தது. அதைக் காட்டிச் சங்கம் வழக்கை நடுவரிடம் கொண்டுபோனது. நடுவர் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். திருப்பி அனுப்பப்பட்ட பெண்களுக்கு வேலையும் இழந்த கூலியும் கிடைத்தன. அவர்கள் இன்னும் சங்க உறுப்பினர்கள்கூட ஆகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருக்கும் உறுப்பினரின் நன்மையை மட்டும் எண்ணிப் பார்க்கும் சங்கத்துக்கு வாசலுக்கு வெளியே நின்ற அந்தப் பெண்களுக்காக வழக்காடக் காரணமே இல்லை.

நன்மைக் கணக்கின் குறை இதைவிட ஆழமானது என்பதைத் தென்னாப்பிரிக்கா காட்டுகிறது. 1922இல் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களின் வெள்ளைத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். செலவைக் குறைக்க, அவர்களுக்கென ஒதுக்கிய வேலைகள் சிலவற்றைக் குறைந்த கூலிக்குக் கறுப்பின ஆப்பிரிக்கரிடம் கொடுக்கச் சுரங்க முதலாளிகள் முயன்றார்கள். போராட்டம் ஆயுதக் கிளர்ச்சியாக மாறி, ராணுவமும் விமானங்களும் அதை அடக்கின. உலகத் தொழிலாளரை ஒன்றுபட அழைக்கும் முழக்கத்தை அவர்கள் வெள்ளைத் தென்னாப்பிரிக்காவுக்காக ஒன்றுபடச் சொல்லும் முழக்கமாக மாற்றிப் பதாகையில் எழுதியிருந்தார்கள். போர்க்களத்தில் அவர்கள் தோற்றாலும் அரசியலில் தோற்கவில்லை. 1924 தேர்தலில் அவர்களுக்கு ஆதரவான கூட்டணி ஆட்சிக்கு வந்தது. 1926இல் திறன்வேலைகளை வெள்ளையருக்கும் கலப்பினத்தவருக்கும் ஒதுக்கும் நிறத்தடைச் சட்டம் நிறைவேறியது. பிரிவினை அவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கூலி தந்தது. ஒன்றுபடுவதே எப்போதும் இலாபம் என்று தொழிலாளருக்குப் பாடம் நடத்துகிறவர்கள் இந்த உண்மையின் முன்னால் வாயடைத்து நிற்க வேண்டியிருக்கும். சில இடங்களில், சில காலங்களில், சிலருக்கு நிறவெறி இலாபகரமானது. சமத்துவத்தின் நியாயத்தை இலாபத்தின்மேல் கட்டினால், இலாபம் வேறு பக்கம் சாயும் நாளில் நியாயமும் சாய்ந்துவிடும். நட்டக் கணக்கு காட்டி ஒருவரை நிறவெறியிலிருந்து விலக்கினால், இலாபக் கணக்கு காட்டி இன்னொருவர் அவரைத் திரும்ப அழைத்துப்போக முடியும்.

ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் 1785இல் வெளியிட்ட நூலில் விலை உள்ளவை என்றும் கண்ணியம் உள்ளவை என்றும் பிரித்தார். விலை உள்ள ஒன்றின் இடத்தில் அதே மதிப்புள்ள இன்னொன்றை வைக்கலாம். கண்ணியம் உள்ளதற்கு அப்படி மாற்றீடு கிடையாது. மனிதரை வெறும் கருவியாக்கக் கூடாது என்பது அதிலிருந்து அவர் எடுத்த முடிவு. தொழிற்சங்கத்தின் பிறப்பே இந்த எண்ணத்தில் இருக்கிறது. மற்ற சரக்குகளைப் போல உழைப்புக்கும் சந்தை சொல்லும் விலைதான் என்று முதலாளி சொல்லும்போது, நாங்கள் சரக்கு இல்லை, எங்களை ஒருவருக்கொருவர் போட்டி போடவிட்டு விலை குறைக்க விடமாட்டோம் என்று தொழிலாளர் கூடுகிறார்கள். சங்கத்தில் சேராதவரும் வேலைநிறுத்தத்தை மதிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு எங்கிருந்து வருகிறது? மறியல் கோட்டைத் தாண்டுகிறவருக்கு அன்றைய கூலி இலாபம்தான். அவரிடம் போய், உன் இலாபத்துக்காகச் சக தொழிலாளியைக் கருவியாக்காதே என்றுதான் சங்கம் சொல்கிறது. அதே சங்கம் தன் உறுப்பினர்களிடம், உங்கள் இலாபத்துக்காகக் கறுப்பினத் தொழிலாளியைக் கீழே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால், கருங்காலியைக் கண்டிக்கும் தார்மீக நிலத்தையே தோண்டி எறிந்துவிடுகிறது. சமத்துவம் சங்கத்தின் நற்பணிகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட வேண்டிய விஷயம் என்று எண்ணுவது இதனால் தவறு. அது இல்லாத இடத்தில் இருப்பது ஒரு வணிகக் கூட்டு. அது தொழிலாளர் என்ற பெயரில் யாரிடமும் எதையும் கோர முடியாது.

இப்போது போர்ட் வொர்த்காரர்களின் வாதத்துக்கு வரலாம். சங்கம் ஜனநாயக அமைப்பு. பெரும்பான்மை முடிவே முடிவு. இந்த வாதத்தை முழுமையாகச் செயல்படுத்திப் பார்த்த இடம் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம். 1955இல் அங்கே போக்குவரத்துச் சங்கத்தின் பேருந்துப் பிரிவு, வெள்ளையர் அல்லாதவரைப் பேருந்துக் குழுவில் சேர்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. முறைப்படி நடந்த கூட்டம், முறைப்படி நிறைவேறிய தீர்மானம். 1963 ஏப்ரல் 30 அன்று கரீபியச் சமூகத்தினர் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். பால் ஸ்டீபன்சன் அதன் முகமாக இருந்தார். நான்கு மாதம் கழித்து ஆகஸ்ட் 27 அன்று ஏறக்குறைய 500 தொழிலாளர் கூடி நிறத்தடையை நீக்க ஒப்புக்கொண்டார்கள். செப்டம்பரில் ரக்பீர் சிங் என்ற சீக்கியர் முதல் வெள்ளையரல்லாத நடத்துநராகப் பேருந்தில் ஏறினார். அந்தச் சங்கத்தின் வாரிசான யுனைட் 2013இல் வருத்தம் தெரிவித்தது. வாக்கே நியாயத்தின் மூலம் என்றால் 1955இல் தடை நியாயமாக இருந்தது, 1963 ஆகஸ்ட் 26 இரவுவரை நியாயமாகவே இருந்தது, மறுநாள் திடீரென அநியாயமாகிவிட்டது என்று சொல்ல வேண்டும். அப்போது 2013இல் எதற்காக வருந்தினார்கள்? வாக்கு எதையும் சரியாக்கும் என்று உண்மையாக நம்புகிறவருக்கு வருந்தக் காரணமில்லை. கூட்டம் கூடும் முன்பே அந்தத் தீர்மானம் தவறு என்று நாம் எல்லோரும் உணர்கிறோம். ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டியவர்களை வெளியே நிறுத்திவிட்டு எடுத்த வாக்கு அது. ஒவ்வொரு உறுப்பினரும் சமம் என்பதால்தான் ஒருவருக்கு ஒரு வாக்கு. அந்த வாக்கைக் கொண்டு சமத்தையே மறுப்பது, வாக்குக்கு மதிப்பு தந்ததையே அழிப்பதாகும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1944 டிசம்பரில் ஒரு ரயில்வே வழக்கில் இதையொட்டிய வழியில்தான் சிந்தித்தது. ரயில் எஞ்சின்களில் நிலக்கரி அள்ளிப்போடும் தொழிலாளரின் சகோதரத்துவச் சங்கம் கறுப்பினத்தவரை உறுப்பினராக ஏற்காது. ஆனால் சட்டப்படி அந்தத் தொழில் முழுவதன் சார்பிலும், கறுப்பினத் தொழிலாளர் சார்பிலும்கூட, பேரம் பேசும் தனியுரிமை அதனிடமே இருந்தது. 1940இல் அது 21 ரயில்வே நிறுவனங்களுக்கு அறிவிப்பு அனுப்பி, கறுப்பினத்தவரை அந்த வேலையிலிருந்து படிப்படியாக ஒதுக்கும் ஒப்பந்தத்தைக் கோரியது. அலபாமாவில் வேலை செய்த பெஸ்டர் ஸ்டீல், தன்னைவிடப் பணிமூப்புக் குறைந்த வெள்ளையருக்காகத் தன் நல்ல வண்டித்தடத்தை இழந்து வழக்குத் தொடுத்தார். அவருக்காக வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன் வாதாடினார். ஒருவருடைய பெயரில் பேசும் அதிகாரத்தைப் பெற்றவர், அவருக்கு விரோதமாக நிறம் பார்த்து அதைப் பயன்படுத்தக் கூடாது. அதிகாரத்தோடு கடமையும் வருகிறது என்றது நீதிமன்றம். தீர்ப்பு அரைகுறையானது என்பதையும் சொல்ல வேண்டும்: கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்க்கும்படி அது கட்டளையிடவில்லை. ஆனாலும் அதன் தர்க்கம் நான் சொல்லும் திசையில்தான் செல்கிறது. பெரும்பான்மையின் வலிமை எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு, அந்த வலிமை யாரிடமிருந்து பெறப்பட்டதோ அவர்களிடமே முடிகிறது என்று அது விடை தருகிறது.

இவ்வளவு உயர்ந்த பேச்சு எதற்கு, அந்த இறைச்சிச் சங்கத்தில் கறுப்பின உறுப்பினர் எண்ணிக்கையில் மிகுந்திருந்தார்கள், சிகாகோவில் அவர்களில்லாமல் சங்கமே இல்லை, அதனால் தலைமை அவர்கள் பக்கம் நின்றது, அவ்வளவுதானே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. வெட்டுத்தளத்தின் பலம் இல்லாவிட்டால் அந்த நட்சத்திரக் குறி போயிருக்காது. ஒடுக்கப்பட்டோர் பலம் பெறாமல் நீதி தானாக இறங்கி வந்ததாக வரலாற்றில் நான் எங்கும் காணவில்லை. ஆனால் ஒரு நியாயம் எப்படி நடைமுறைக்கு வந்தது என்பதும் அது ஏன் நியாயம் என்பதும் வெவ்வேறு கேள்விகள். மேலும், கறுப்பினத்தவர் சிறு தொகையாக இருந்த அயோவா மாநில ஆலைகளிலும் சங்கம் தன் கொள்கையைக் கொண்டுபோனது. 1948 வேலைநிறுத்தத்தின்போது வாட்டர்லூ நகர ராத் ஆலையின் வாசலில் ஒரு வெள்ளைத் தொழிலாளர் சுடப்பட்டு இறந்தார். சுட்டவர் வேலைநிறுத்தத்தை மீறி உள்ளே போய்க்கொண்டிருந்த கறுப்பினத்தவர். 1919இல் சிகாகோ எரிந்ததற்கும் ஏரிக்கரையில் நேர்ந்த ஒரு மரணமே பொறியாக இருந்தது. வாட்டர்லூவில் கூட்டம் ஆலைக்குள் பாய்ந்தது, தேசியக் காவல்படை வரவேண்டியதாயிற்று. ஆனால் கோபம் முதலாளியை நோக்கியே திரும்பியது, நகரத்தின் கறுப்பினக் குடியிருப்புகளை நோக்கித் திரும்பவில்லை. அங்கே எண்ணிக்கைப் பலம் வெள்ளையரிடம்தான் இருந்தது. பழிவாங்க நினைத்தால் தடுக்க ஆளில்லை. பல ஆண்டுகளாகச் சங்கம் சொல்லி வந்தது அவர்களிடம் ஏதோ ஓர் இடத்தில் ஊன்றியிருந்தது என்றே நான் கருதுகிறேன்.

இன்னொரு மறுப்பு மதத்தின் பக்கத்திலிருந்து வருகிறது. மனமாற்றம் கோயிலின், சபையின் வேலை. சங்கம் கூலியைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அது. சிகாகோவில் இந்த வேலைப் பங்கீடு எப்படி நடந்தது என்று பார்ப்போம். ஆலைகளுக்குப் பின்புறம் இருந்த குடியிருப்பில் தேவாலயங்கள் நெருக்கமாக இருந்தன. 1939இல் அங்கே சால் அலின்ஸ்கியும் ஜோசப் மீகனும் தொடங்கிய அக்கம்பக்கக் கழகம் பங்குத்தந்தையரையும் சங்கத்தாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது; அது பெரிய சாதனை. ஆனால் பகலில் கறுப்பினத்தவருக்குப் பக்கத்தில் நின்று கத்தி பிடித்த வெள்ளைத் தொழிலாளர், மாலையில் போய்ச் சேர்ந்த தெருக்களில் ஒரு கறுப்பினக் குடும்பம் வீடு எடுக்க முடியாது. எல்லா மனிதரும் கடவுளின் சாயல் என்று ஞாயிறு பூசையில் கேட்டவர்களுடைய தெருக்கள் அவை. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் கட்டாய இனப்பிரிவினை சக மனிதரைப் பற்றிய கிறிஸ்தவப் பார்வையோடு ஒத்துப்போகாது என்று கூட்டறிக்கை வெளியிட்டது 1958இல். அதற்கு எட்டு ஆண்டு முன்பே இறைச்சிச் சங்கம் தனித்துறை அமைத்துவிட்டது. திருச்சபையைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. ஷீலைப் போன்றவர்களும் அதிலிருந்தே வந்தார்கள். கடவுளின் முன் சமம் என்ற கோட்பாடு எவ்வளவு உண்மையாக இருந்தாலும், அது யார் எந்த வேலை செய்வது, யார் எந்த மேசையில் உண்பது என்ற கேள்விகளுக்குள் இறங்காதவரை பொய்யைப் போலவே நடந்துகொள்ளும். அந்தக் கேள்விகள் கேட்கப்படும் இடம் ஆலை. அவற்றை ஒப்பந்தத்தில் எழுதும் வாய்ப்பு சங்கத்திடம் இருந்தது.

இரண்டையும் ஒரே வாழ்வில் சேர்த்தவர் ஆடி வயட். மிசிசிப்பியில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். 1941இல் தட்டச்சு வேலைக்கு ஆர்மர் நிறுவனத்துக்குப் போனார். தேர்விலும் தேறினார், ஆனால் அலுவலகத்தில் கறுப்பினப் பெண்ணுக்கு இடமில்லை, ராணுவத்துக்கான உணவை டப்பாவில் அடைக்கும் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். சங்கம் பேசி வாங்கிய கூலி அங்கே தட்டச்சுச் சம்பளத்தைவிட அதிகமாக இருந்தது. சங்கத்தில் வளர்ந்து, 1950களின் நடுவில் தன் கிளையின் தலைவரானார். வெள்ளையரும் ஆண்களும் நிறைந்த கிளை அது. பின்பு கடவுள் சபையில் போதகராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். சங்க வேலையையும் ஊழியத்தையும் அவர் இரண்டு அறைகளில் வைக்கவில்லை. சமயநம்பிக்கை இல்லாத இடதுசாரி அமைப்பாளர்களும் அவரும் ஒரே கூட்டங்களில் அமர்ந்து ஒரே தீர்மானங்களுக்குக் கை தூக்கினார்கள். ஒருவருக்கு அது கடவுளின் கட்டளை, மற்றவருக்கு மனித விடுதலை. அடிப்படைகள் வேறானவர்களும் ஒரே கடமையில் வந்து சந்திக்க முடியும் என்பது, இறைநம்பிக்கை இல்லாமல் அறம் நிற்குமா என்று நெடுங்காலமாக வாதிடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சான்று. மார்ட்டின் லூதர் கிங் 1957 அக்டோபரில் சிகாகோவில் இந்தச் சங்கத்தின் மாநாட்டில் பேசியபோது, தெற்கின் உரிமைப் போராட்டத்துக்காக அவருடைய புதிய அமைப்புக்கு உறுப்பினர்கள் 11,000 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். கசாப்புத் தொழிலாளரின் கூலியிலிருந்து போன பணம் அது.

கட்டாயத்தால் மனம் மாறுமா என்ற மறுப்பு எஞ்சியிருக்கிறது; ஆன்மிக மரபுகளில் தோய்ந்தவர்கள் இதை எழுப்பும்போது அதில் ஆழம் உண்டு. அன்பை ஆணையிட முடியாது, தடுப்பை எடுத்தாலும் நெஞ்சிலுள்ள தடுப்பு நிற்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் சங்கம் நெஞ்சைக் கேட்கவே இல்லை. கறுப்பினத்தவரை நேசி என்று எந்த ஒப்பந்தப் பிரிவும் சொல்லவில்லை. அவருடைய பணிமூப்பை மதி, அவர் உண்ணும் கூடத்தைத் தனியாகப் பிரிக்காதே என்று மட்டும்தான் சொன்னது. அகத்தூய்மை வரும்வரை புறநீதி காத்திருக்க வேண்டும் என்று சொல்கிறவர், யார் காத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார். காத்திருப்பவர் வெள்ளைத் தொழிலாளி அல்லர். அவருடைய ஆன்மா பக்குவப்படும் காலம் முழுவதும் அதன் செலவை இன்னொருவர் தன் கூலியிலும் மானத்திலும் கட்டுகிறார். ஒருவருடைய அகவளர்ச்சிக்கு இன்னொருவரின் இழிவை வாடகையாகக் கேட்கும் அறத்தை நான் அறம் என்று ஏற்க மாட்டேன்.

இந்த நிலைப்பாட்டுக்கு விலை இருந்தது. தெற்கில் சில வெள்ளை உறுப்பினர்கள் பிரிந்து போனார்கள். எதிர்த்த நிர்வாகிகள் சிலர் தலைமைமேல் கம்யூனிஸ்ட் என்ற குற்றச்சாட்டைச் சுமத்தி சி.ஐ.ஓ.விடம் கொண்டுபோனார்கள், அந்த அமைப்பு விசாரித்தும் குற்றச்சாட்டு நிலைக்கவில்லை, ஆனால் சங்கத்தின் காலமும் பலமும் அதில் கரைந்தன. பெரிய அடி வேறு இடத்திலிருந்து வந்தது. சிகாகோவின் பழைய பல மாடி ஆலைகளை நிறுவனங்கள் கைவிட்டன. வில்சன் நிறுவனம் 1955இல் தன் ஆலையை மூடியது; பத்தாண்டு முடிவதற்குள் ஆர்மரும் ஸ்விப்டும் அங்கே வெட்டுவதை நிறுத்தின. கறுப்பினப் பெண்கள் பேக்கன் பிரிவுக்குள் நுழைந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1968இல் சங்கம் தன்னைவிடப் பெரிய இன்னொரு சங்கத்தோடு இணைந்தது. மூழ்கும் கப்பலில் இடம் பிடிக்கவா இத்தனை போராட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. ஆலைகள் மூடியதற்கு லாரிப் போக்குவரத்தும், கால்நடை வளரும் ஊர்ப்புறங்களுக்கே நகர்ந்த புதிய ஒரு மாடி ஆலைகளும் காரணம். நிறத்தடையை வைத்திருந்தாலும் அவை மூடியிருக்கும். அப்போது வெள்ளையரும் கறுப்பினத்தவரும் வேலையிழந்து வாசலில் நின்றிருப்பார்கள், அட்டையில் நட்சத்திரம் உள்ளவர்கள் முதலில். சங்கத்தின் சிகாகோ மாவட்டத்துக்குத் தலைமை வகித்த சார்லஸ் ஹேய்ஸ், 1983இல் அந்த நகரத்திலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் என் வாதம் இத்தகைய பலன்களை நம்பி நிற்கவில்லை. போர்ட் வொர்த்தின் வெள்ளைத் தொழிலாளருக்குச் சங்கத்தை விட்டுப் போகும் உரிமை இருந்தது, சிலர் அதைப் பயன்படுத்தினார்கள். தலைமையைத் தேர்தலில் தோற்கடிக்கும் உரிமையும் இருந்தது. உள்ளேயே இருந்துகொண்டு, சக உறுப்பினர் எங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதை வாக்கால் முடிவு செய்யும் உரிமை மட்டும் அவர்களிடம் இல்லை. அவர்கள் அனைவரும் ஒருமித்துக் கை தூக்கியிருந்தாலும் அது வந்திருக்காது.